இறக்குமதி செகண்ட்ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்: ஆர்சி புக் மட்டும் போதுமா?



நெய்வேலி டவுன்ஷிப்பில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு ஒரு வசதி உண்டு. குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டால் வாடகைச் சுமை குறைவு, நாலஞ்சு வருஷத்தில் கையில் கொஞ்சம் பணம் நிற்கும். அந்த நேரம் பார்த்து ஒரு விளம்பரம் கண்ணில் படும்: "இம்போர்ட்டட் ஸ்போர்ட்ஸ் கார், ஆர்சி கிளியர், 22 லட்சம் மட்டும்."

ஆசைப்படுவது தப்பில்லை. ஆனா ஒரு விஷயத்தை முதல்லயே மனசுல பதிய வையுங்க. ஆர்சி என்பது வண்டி பதிவானதற்கான சான்று மட்டும்தான். சுங்க வரி கட்டப்பட்டதற்கான சான்று அல்ல. வரி கட்டாமல் உள்ளே வந்த கார் என்றால், இன்று அது யார் வீட்டில் நிற்கிறதோ அங்கே வந்து சுங்கத் துறை எடுத்துக்கொண்டு போகலாம். "எனக்குத் தெரியாம வாங்கிட்டேன் சார்" என்ற பதில் உங்களுக்கு வரும் அபராதத்தைக் குறைக்கலாம். காரைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது.

இது கற்பனை பயம் இல்லை. 2025 செப்டம்பர் 23 அன்று கொச்சி சுங்கத் துறை "ஆபரேஷன் நும்கோர்" என்ற பெயரில் கேரளா முழுக்கச் சோதனை நடத்தியது. நும்கோர் என்றால் பூட்டான் மொழியில் வாகனம். பூட்டானில் இருந்து பழைய சொகுசு வண்டிகளை வரி கட்டாமல் கொண்டு வந்து, போலி ஆவணங்களால் வேறு மாநிலங்களில் பதிவு செய்து விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. முதல் நாளிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் பறிமுதல். திரைப்பிரபலங்களின் வண்டிகளும் அதில் இருந்தன. சோதனைக்குப் போன வண்டிகளுக்கும் ஆர்சி இருந்தது என்பதைக் கவனிங்க.

கார் எந்த வழியில் வந்தது?

இந்தியாவில் ஓடும் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களை நாலு வகையாகப் பிரிக்கலாம்.

1. கம்பெனியே புதுசா இறக்குமதி செய்து, இங்கே ஷோரூமில் விற்றது. நீங்கள் இரண்டாவது அல்லது மூன்றாவது ஓனர். இருப்பதில் பாதுகாப்பானது இதுதான். ஷோரூம் இன்வாய்ஸும் சர்வீஸ் பதிவும் கிடைக்கும்.

2. வெளிநாட்டில் ஓடிய காரைத் தனிநபர் இறக்குமதி செய்தது. விதிமுறைகள் கடுமையானவை. தயாரித்த தேதியில் இருந்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும். ஸ்பீடாமீட்டர் கிலோமீட்டரில் இருக்கணும். மும்பை துறைமுகம் வழியாக மட்டும்தான் வர முடியும்.

3. தூதரகங்கள் வரி விலக்கில் கொண்டு வந்தது. சுங்கத் துறை அனுமதியும், தேவையான வரியும் இல்லாமல் இதை வெளியே விற்க முடியாது.

4. "கார்னே" என்ற தற்காலிக அனுமதியில் சுற்றுலாவுக்காக வந்தது. திரும்ப வெளிநாட்டுக்கே போக வேண்டிய கார் இது. போகாமல் இங்கே தங்கி, நம்பர் மாற்றி விற்கப்பட்ட கதைகள் உண்டு.

"புரோ, 2008 மாடல், 2019ல இறக்குமதி பண்ணினது" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திடுங்க. 3 வருட விதிப்படி அது சாதாரணமாக வந்திருக்கவே முடியாது. இடது பக்க ஸ்டியரிங், மைல் மட்டும் காட்டும் ஸ்பீடாமீட்டர் இரண்டும் அதே மாதிரி எச்சரிக்கை மணிதான்.

நம்பரைப் படிக்கக் கத்துக்கோங்க

பெரும்பாலான கார்களின் சேஸிஸ் நம்பர் 17 இலக்கம் கொண்டது. முதல் எழுத்து தயாரான நாட்டைக் காட்டும்: ஜே என்றால் ஜப்பான், டபிள்யூ என்றால் ஜெர்மனி, எஸ் பிரிட்டன், இசட் இத்தாலி. ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் இந்த நம்பரில் வரவே வராது. வந்திருந்தால் போலி என்று புரிஞ்சுக்கலாம்.

பல நிறுவனங்கள் 10-வது எழுத்தில் மாடல் வருடத்தைக் குறிக்கும். எல் 2020, எம் 2021, என் 2022, பி 2023. ஆனால் எல்லா ஐரோப்பியக் கம்பெனிகளும் இதைப் பின்பற்றுவதில்லை. அதனால் சீட் பெல்ட்டின் அடியில் இருக்கும் லேபிளில் தயாரித்த தேதியையும் பாருங்க. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாரான பழைய கார்களில் 17 இலக்கமே இருக்காது, சின்ன ஃபிரேம் நம்பர்தான் இருக்கும். பழைய சுப்ரா என்றால் ஜேஇசட்ஏ80 என்று தொடங்கும்.

கண்ணாடிக்குக் கீழே, கதவுத் தூணில், பாடியில் பொறித்த இடத்தில், ஆர்சியில், இன்சூரன்ஸில் என எல்லா இடத்திலும் ஒரே நம்பர் இருக்கணும். அந்த நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு ரீகால் நிலுவை இருக்கா என்றும் பாருங்க. டகாட்டா ஏர்பேக் பிரச்சினையில் சிக்கிய ஜப்பான், ஜெர்மன் கார்கள் ஏராளம். அது உயிர் சம்பந்தப்பட்டது.

விலை சொல்லும் உண்மை

சச்சினுக்குப் பரிசாக வந்த ஃபெராரி 360 மொடீனா ஞாபகம் இருக்கா? கார் மதிப்பு சுமார் 75 லட்சம், சுங்க வரி 1.13 கோடி. காரை விட வரி அதிகம். இன்றும் நிலைமை பெரிசா மாறலை.

பயன்படுத்திய காருக்கு சுங்க வரி, செஸ் எல்லாம் சேர்த்து 137.5%. 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரியைக் குறைத்து செஸ்ஸைச் சேர்த்தார்கள், மொத்தச் சுமை அப்படியேதான் இருக்கு. அதற்கு மேல் 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40% ஐஜிஎஸ்டி. கணக்கைப் பாருங்க:

- துறைமுகம் வந்து சேரும் மதிப்பு: 30 லட்சம்
- சுங்கம் 137.5%: 41.25 லட்சம்
- இரண்டும் சேர்த்து 71.25 லட்சம். அதில் 40%: 28.5 லட்சம்
- மொத்தம்: 99.75 லட்சம்

இதற்குப் பிறகுதான் சாலை வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20%. ஆக, இறக்குமதியாகி ஒரு வருடமே ஆன இப்படி ஒரு கார் 35 லட்சத்துக்குக் கிடைக்குது என்றால், யாரோ ஒருவர் 60 லட்சம் நஷ்டப்பட்டு உங்களுக்குத் தர்மம் செய்கிறார் என்று அர்த்தம். இல்லைன்னா வரி கட்டவே இல்லை.

கேட்டு வாங்க வேண்டிய பேப்பர்கள்

- பில் ஆஃப் என்ட்ரி. இறக்குமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்த ஆவணம். இதுதான் காரின் பிறப்புச் சான்றிதழ். நம்பர், தேதி, துறைமுகக் குறியீடு மூன்றையும் வைத்து ஐஸ்கேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஷோரூமில் விற்ற கார் என்றால் முதல் இன்வாய்ஸ்.
- வரி கட்டிய சலான்.
- 2017 ஜூலைக்கு முன் தமிழ்நாட்டுக்குள் இறக்குமதியான கார் என்றால் நுழைவு வரி ரசீது. நடிகர் விஜய் 2012ல் இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸ் மீதான நுழைவு வரி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021ல். இந்த விவகாரங்கள் அவ்வளவு காலம் இழுக்கும்.
- கடன் இருந்திருந்தால் வங்கியின் என்ஓசி, படிவம் 35.
- படிவம் 29, 30. வேறு மாநிலம் என்றால் படிவம் 28.

நம்ம பக்கத்திலேயே புதுச்சேரி இருப்பதால் இன்னொரு விஷயம். பிஒய் நம்பர் காரை வாங்கி நெய்வேலியிலேயே ஓட்டிக்கிட்டு இருக்க முடியாது. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம், தமிழ்நாட்டு வரியும் கட்டணும். வண்டியின் வயதுக்கு ஏற்ப வரி குறையும். பேரம் பேசும்போதே அதைக் கழிச்சுப் பேசுங்க.

பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்க. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். ரொக்கமாகக் கொடுத்த உங்களிடமோ நாளைக்குக் காட்ட ஆதாரம் இருக்காது. டீலரிடம் 10 லட்சத்துக்கு மேல் வாங்கும்போது 1% டிசிஎஸ் பிடித்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அதைத் திரும்பக் கணக்கில் எடுத்துக்கலாம்.

வாங்கிய பிறகு: முதல் 30 நாள்

இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்கணும். ஆர்சி மாற்றத்துக்கு 30 நாள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. 5 வருடத்துக்கு மேற்பட்ட காரின் காப்பீட்டு மதிப்பு நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது, அதனால் ரொம்பக் குறைச்சுப் போட விடாதீங்க.

டயரில் கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 3219 என்றால் 2019-ன் 32-வது வாரம். பட்டன் தேயாமல் பளபளன்னு இருந்தாலும் ஆறேழு வருஷமான டயரை வேகத்துக்கு நம்பாதீங்க. இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் உடனே மாற்றுங்க. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஈ10 என்று மட்டும் போட்டிருந்தால், இன்று பங்கில் கிடைக்கும் ஈ20 பெட்ரோலுக்கு அந்தக் கார் தயாரிக்கப்படவில்லை. ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் காட்டிச் சோதித்து வையுங்க.

நம்ம ஊரில் நிலக்கரித் தூசியும் சாம்பலும் உண்டு. ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் இரண்டையும் மேனுவலில் சொன்ன காலத்தில் பாதியிலேயே பாருங்க. தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்காதீங்க, பெயின்ட்டில் கோடு விழும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவணும். வாரக்கணக்கில் நிற்கும் கார் என்றால் பேட்டரிக்கு மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் சார்ஜர் அவசியம். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசி கைகொடுக்காது, இன்ஜின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்கணும்.

கடைசியாக, சம்பளக் கணக்கு

22 லட்சம் காருக்கு 7 லட்சம் கையில் இருந்து போட்டு, மீதி 15 லட்சத்தை 12% தனிநபர் கடனாக 5 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 33,400. வட்டி மட்டும் 5 லட்சம். கார் விலையில் வருடம் 10% பராமரிப்புக்கு ஒதுக்குங்க என்பது என் பரிந்துரை, அது மாதம் 18,000-க்கு மேல். இரண்டும் சேர்ந்து 51,000-க்கு மேல். இது உங்கள் கைக்கு வரும் சம்பளத்தில் கால்வாசியைத் தாண்டினால் அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்க.

ஏற்கெனவே வாங்கிட்டீங்க, பில் ஆஃப் என்ட்ரி இல்லையா? விற்றவரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்க. பணம் கொடுத்த ஆதாரங்களைப் பத்திரப்படுத்துங்க. சுங்கச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்க. எதுவும் சொல்லாமல் அடுத்தவர் தலையில் கட்டுவது மட்டும் வேண்டாம். அந்தக் காசும் உங்களை மாதிரி ஒரு சம்பளக்காரரின் சேமிப்புதான்.