வாயு என்று தீர்ப்புச் சொல்ல நீங்கள் யார்?

“கேஸாத்தான் இருக்கும், ஒரு சோடா குடிச்சா சரியாப்போயிடும்.” அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சின் மேல் தீராத கோபம். இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு முதலில் ஓமத் தண்ணீர், பிறகு பெருங்காயம், அதற்கும் கேட்காவிட்டால் ஜெலுசில். விடிந்தபின் எங்களிடம் கொண்டுவருகிறார்கள். அதற்குள் இதயத் தசையில் எவ்வளவோ செத்துப்போயிருக்கும். செத்த தசை திரும்ப வளராது.

“ஏப்பம் விட்டதும் வலி குறைஞ்சது டாக்டர், அதான் பேசாம இருந்துட்டோம்” என்பார்கள். குறையத்தான் செய்யும். இதயத்தின் கீழ்ப்பக்கம் உதரவிதானத்தின் மேல்தான் படிந்திருக்கிறது. அங்கே ரத்தக்குழாய் அடைத்தால் மேல்வயிறு வலிக்கும், குமட்டும், வாந்தி வரும், ஏப்பமும் வரும். குழாயில் உறைந்த ரத்தக்கட்டி சற்றே கரைந்து வழிவிடும்போது வலி தணியும். மறுபடி அடைக்கும்போது திரும்ப வரும். அந்த இடைவெளியில் நீங்கள் கொடுத்த சோடாவுக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. அமிலத்தைத் தணிக்கும் மருந்து குடித்து வலி நின்றது என்பதை வைத்து இதயத்தில் கோளாறு இல்லை என்று எந்த மருத்துவரும் முடிவு செய்யக் கூடாது. ஈசிஜி எடுக்காமல் ‘கேஸ் ஊசி’ போட்டு அனுப்புகிற கிளினிக்குகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லா நெஞ்சு வலியும் மாரடைப்பு அல்ல. ஒரே விரலால் இடத்தைத் தொட்டுக் காட்ட முடிந்து, அழுத்தினால் வலி கூடினால் பெரும்பாலும் அது தசை அல்லது விலா எலும்புக் குருத்தெலும்பு. சாப்பிட்டுப் படுத்ததும் எரிந்து, புளிப்பு நீர் மேலே வந்தால் உணவுக்குழாய். இதய வலியைக் காட்டச் சொன்னால் பலர் உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைப்பார்கள். இறுக்கம், பாரம் என்பார்கள். அது தோளுக்கும் கைக்கும் தாடைக்கும் முதுகுக்கும் பரவலாம், வியர்த்துக் கொட்டலாம். ஆனால் இந்த அடையாளங்களை வைத்து வீட்டில் தீர்ப்பு எழுதாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் வரலாம். பெண்களுக்கு அசதியும் குமட்டலும் முன்னால் நிற்பதுண்டு.

இடது பக்கம் வலித்தால்தான் இதயமா? இல்லை. வேகமாக இருமினால் மாரடைப்பு நின்றுவிடும் என்று வாட்ஸப்பில் வருவதை அழித்துவிடுங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தால் தப்பித்தோமா? அதுவும் இல்லை, சில மணி நேரம் கழித்து இன்னொரு ஈசிஜியும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

சந்தேகம் வந்தால் 108. பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கூட்டி வராதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக் கசிவோ இல்லாதவர் 108-இல் கேட்டுக்கொண்டு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். மாரடைப்பு வந்தவர்களுக்கு உடனே ஆஸ்பிரின் கொடுத்தால் சாவு ஏறக்குறைய கால்வாசி குறைகிறது என்று 17,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வு 1988-லேயே காட்டிவிட்டது. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகள் கிடைக்கின்றன. பக்கத்தில் அது இருக்க, பெரிய ஆஸ்பத்திரி எங்கே என்று விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இன்னொன்றை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். நாற்பது தாண்டியவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஓர் ஈசிஜி எடுத்து, ரேஷன் கார்டோடு வையுங்கள். நாளை வலி என்று வரும்போது கையில் பழைய ஈசிஜி இருந்தால், எது புதிய மாற்றம், எது முன்பே இருந்தது என்று எங்களுக்கு உடனே தெரியும்; ஐயத்தில் கழியும் நேரம் மிச்சமாகும். அந்தத் தாளின் எழுத்து நாள்பட மங்கிவிடும், அதனால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், போனிலும் படம் பிடித்து வையுங்கள். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். சூடு பட்டால் தாள் முழுக்கக் கறுத்துவிடும்.