வழி அறியும் ரவுட்டர்கள்



ஓர் ஊரில் போட்ட கடிதத்தை அடுத்து எங்கே அனுப்புவது என்று வழியிலுள்ள ஒவ்வோர் அஞ்சல் நிலையமும் முடிவு செய்கிறதல்லவா? கணிப்பொறி வலையில் அவ்வேலையைச் செய்யும் கருவியே ரவுட்டர்.

வழிகளை நாமே ஒவ்வொன்றாக எழுதி வைக்கலாம். ஆனால் ஒரு கம்பி அறுந்தால், எழுதிய வழி பெரும்பாலும் தானாக மாறாது. ஆகவே, ரவுட்டர்கள் தமக்குள் செய்தி பரிமாறி வழி அறியும் நெறிமுறைகள் தோன்றின. அவற்றுள் இரண்டைக் காண்போம்.

ஆர்.ஐ.பி. முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் தான் அறிந்த வழிகளை 30 வினாடிக்கு ஒருமுறை அண்டை ரவுட்டருக்குச் சொல்லும். இது செவிவழிச் செய்தி போன்றது. தூரம் 16 என்றால் வழியே இல்லை என்பது பொருள்.

ஓ.எஸ்.பி.எஃப். முறையில் ஒவ்வொன்றும் தன் இணைப்புகளை மட்டுமே அறிவிக்கும். அந்த அறிவிப்பு மாறாமல் அப்பகுதியின் எல்லா ரவுட்டர்களுக்கும் போய்ச் சேரும். இதனால் எல்லாவற்றிடமும் ஒரே வரைபடம் இருக்கும். டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்குமுறையால் செலவு குறைந்த வழியை ஒவ்வொன்றும் தானே கணக்கிடும்.

இதை அமைக்கும் முறை

1. ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனி அடையாள எண் தருக. வகுப்பில் இருவருக்கு ஒரே வரிசை எண் இருந்தால் குழப்பம்தானே!

2. எந்த இணைப்பு எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று குறிக்க. பகுதி 0 முதுகெலும்பு. பிற பகுதிகள் அதனோடு இணைய வேண்டும்.

3. "நான் இருக்கிறேன்" என்னும் ஹலோ செய்தி பொதுவாக 10 வினாடிக்கு ஒருமுறை செல்லும். 40 வினாடி மௌனமானால் அண்டை ரவுட்டர் இல்லை எனக் கொள்ளப்படும். இக்கால அளவுகளும் பகுதி எண்ணும் இரு முனையிலும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் நட்பே பிறக்காது.

4. அந்நியர் பொய்யான வழி சொல்லாதிருக்க இரகசியக் குறியீடு இடுக.

5. இறுதியில் அண்டையர் பட்டியலைப் பார்த்து, ஒரு கம்பியைக் கழற்றிச் சோதிக்க.

நான்காம் படியின் குறியீடு வெளியாரைத் தடுக்கும். உள்ளேயே தவறு பிறந்தால்? 1980 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலை பல மணி நேரம் முடங்கியது. ஒரு கருவியின் பழுதால் ஓர் அறிவிப்பின் வரிசை எண் சிதைந்து, 8, 40, 44 என்று மூன்று வடிவில் சுற்றியது. எண்கள் வட்டமாகச் சுழலும் முறையாதலால், ஒவ்வொன்றும் மற்றதைவிடப் புதியதாகத் தோன்றியது. பரப்பிப் பரப்பியே கருவிகள் திணறின!

பின்னர் வந்த ஓ.எஸ்.பி.எஃப். அறிவிப்பில் பிழை காட்டும் சரிபார்ப்பு எண் உண்டு; எண்கள் வட்டமாகச் சுழல்வதில்லை; வயதும் உண்டு. புதுப்பிக்கப்படாத அறிவிப்பு 3600 வினாடியில் நீக்கப்படும்.

தோழியரே, ஒரு முனையின் தவறான சொல் வலை முழுவதையும் நிறுத்தக்கூடும். ஆகவே, சரிபார்த்த பின்னரே நம்புவதும் பரப்புவதும் கருவிக்கு மட்டுமன்றி நமக்கும் ஏற்ற நெறியாகும்.