உங்க ரெஸ்யூமேதான் வினாத்தாள்

பிளேஸ்மென்ட் சீசன் நெருங்கினாலே ஹாஸ்டலில் ரெண்டு கூட்டம் உருவாகிவிடும். ஒரு கூட்டம் "அடிக்கடி கேட்கப்படும் 100 கேள்விகள்" பி.டி.எஃப். வைத்து மனப்பாடம் செய்யும். இன்னொரு கூட்டம் "நமக்கு இங்கிலீஷ் வராது, விடு மச்சி" என்று முன்கூட்டியே ஒதுங்கிவிடும். ரெண்டு கூட்டமும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: இன்டர்வியூவில் வரும் கேள்விகளில் பல நீங்களே எழுதிக் கொடுத்த ரெஸ்யூமேயிலிருந்துதான் கிளம்பும். அதை மனசில் வைத்து ஒவ்வொரு சுற்றாகப் பார்ப்போம்.

1. ஆப்டிட்யூட்

இந்தச் சுற்று ஆட்களை வடிகட்டத்தான். இங்கே நேரம்தான் எதிரி. ஒரு உதாரணம்: ஏ ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார், பி 18 நாளில் முடிப்பார். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்?

பின்னத்தில் இறங்காதீங்க. 12, 18 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 36. மொத்த வேலை 36 பங்கு என்று வையுங்க. ஏ ஒரு நாளைக்கு 3 பங்கு, பி 2 பங்கு, சேர்ந்தால் 5 பங்கு. 36-ஐ 5-ஆல் வகுத்தால் 7.2 நாள். தொட்டி நிரப்பும் குழாய்க் கணக்குக்கும் இதே வழிதான். தண்ணீரை வெளியேற்றும் குழாய் இருந்தால் அதன் பங்கைக் கழிக்கணும், அவ்வளவுதான்.

தொடங்கும் முன் நெகட்டிவ் மார்க் உண்டா என்று பாருங்க. இல்லையென்றால் எந்தக் கேள்வியையும் காலியாக விடக் கூடாது.

2. டெக்னிக்கல் இன்டர்வியூ

நம்ம கேம்பஸில் பலரும் செய்யும் ப்ராஜெக்ட்டையே எடுத்துக்குவோம்: மண்ணின் ஈரம் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும் பாசனம். ரெஸ்யூமேயில் இது ஒரே வரி. ஆனால் அந்த வரிக்குள் இத்தனை கேள்வி இருக்கு:

*"சென்சார் ரீடிங் 500 என்றால் என்ன அர்த்தம்?"* ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது 10 பிட் ஏ.டி.சி. 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள மின்னழுத்தத்தை அது 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாக மாற்றும். 500 என்றால் கிட்டத்தட்ட 2.44 வோல்ட்.

*"ஏன் 500-ஐ எல்லையாக வைத்தாய்?"* "கோடில் அப்படித்தான் இருந்தது" என்றால் கதை முடிந்தது. காய்ந்த மண்ணில் ஒரு ரீடிங், நனைந்த மண்ணில் ஒரு ரீடிங் எடுத்து, இடையில் ஒரு எண்ணைத் தேர்ந்தேன் என்று சொல்லணும்.

*"ரீடிங் 499, 501 என்று மாறிக்கொண்டே இருந்தால்?"* ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும், மோட்டார் கெடும். அதனால் ஓட ஒரு எல்லை, நிற்க இன்னொரு எல்லை. இதற்குப் பெயர் ஹிஸ்டெரிசிஸ்.

*"ஒரு மாதம் மண்ணிலேயே இருந்தால் சென்சார் என்ன ஆகும்?"* ரெண்டு முனைக்கும் நடுவே எப்போதும் கரன்ட் ஓடினால் மின்னாற்பகுப்பால் முனை அரிக்கும். ரீடிங் எடுக்கும் நேரத்தில் மட்டும் சப்ளை கொடுக்கலாம்.

காசு கொடுத்து வாங்கின ப்ராஜெக்ட்டாகவே இருந்தாலும் இப்போதே பிரித்துப் பாருங்க. ஒரு ஒயரைக் கழற்றினால் என்ன ஆகிறது, ஒரு எண்ணை மாற்றினால் என்ன ஆகிறது என்று ரெண்டு நாள் உட்கார்ந்தால் இந்தப் பதிலெல்லாம் உங்களுடையதாகிவிடும்.

3. இங்கிலீஷ் பயம்

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் மொழி இல்லை. விஷயம் தெளிவாக இல்லாமல் நீண்ட வாக்கியம் பேசப் போவதுதான். முதலில் ப்ராஜெக்ட்டை வேறு டிபார்ட்மென்ட் நண்பருக்குத் தமிழில் விளக்குங்க. அவருக்குப் புரிந்த பிறகு அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களாகச் சொல்லிப் பாருங்க. போனில் ரெக்கார்டு பண்ணிக் கேளுங்க. கேள்வி புரியவில்லையா? "குட் யூ ப்ளீஸ் ரிபீட் தட்?" என்று கேட்பதில் எந்த அவமானமும் இல்லை. புரியாமல் வேறெதையோ சொல்வதுதான் ஆபத்து.

4. எச்.ஆர். சுற்று

"டீமில் வேலை செய்த அனுபவம் சொல்லு" என்றால் நாலு படியாகச் சொல்லுங்க: சூழல் என்ன, உங்க பொறுப்பு என்ன, நீங்க செய்தது என்ன, முடிவு என்ன. "நாங்க பண்ணோம், நாங்க முடிச்சோம்" என்று மட்டும் சொன்னால், நீங்க என்ன பண்ணீங்க என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியாது. அரியர் இருந்திருந்தால் மறைக்காதீங்க. எந்தப் பாடம், எப்படி கிளியர் பண்ணீங்க என்று ரெண்டு வரியில் சொல்லி நிறுத்துங்க.

இந்த வாரமே செய்ய வேண்டியது

ரெஸ்யூமேயை பிரின்ட் எடுங்க. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் மூன்று கேள்வி எழுதுங்க: இது என்ன? ஏன் இப்படி? வேறு மாதிரி செய்திருந்தால்? நண்பரை கேட்கச் சொல்லி வாய்விட்டுப் பதில் சொல்லுங்க. பதில் வராத வரியைப் படிங்க, இல்லையென்றால் அடிச்சிடுங்க. "பைதான், ஜாவா, சி, மேட்லேப்" என்று நாலு பெயரை அடுக்குவதைவிட, எங்கே தொட்டாலும் பதில் வரும் ஒரே ஒரு பெயர் போதும்.