மருந்துப் பையைக் கொட்டிப் பார்ப்போம்

நம் தோட்டங்களில் வயதுபோன பலருக்கு இப்போது கிளினிக்குக்குப் போக முடிவதில்லை. மகனோ மருமகளோ கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் மருந்தை வாங்கி வருகிறார்கள். வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ கடையில் வேலை செய்யும் பேரன், தீபாவளிக்கு வரும்போது அங்குள்ள பார்மசியில் இன்னும் கொஞ்சம் வாங்கி வருவான். பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் ஒன்றாக வைத்து யாரும் பார்ப்பதில்லை.

ஒரு மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு. உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் ஒன்று, கம்பனி வைத்த பெயர் இன்னொன்று. கிளினிக்கில் கிளிக்லசைட் என்று எழுதுவார்கள், கடைப் பெட்டியில் டயமைக்ரோன் என்றிருக்கும். இரண்டும் ஒரே சீனி வருத்த மருந்துதான். இரண்டையும் குடித்துவிட்டுக் காலையில் ரொட்டியும் சரியாகச் சாப்பிடாவிட்டால் உடம்பில் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும். "அப்பாயிக்கு வயசாயிருச்சு, அதான் ஒளறுது" என்று வீட்டில் விட்டுவிடுவாங்க. நினைவிருந்தால் உடனே சீனி போட்ட தேத்தண்ணி கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கொழுந்து எடுத்துத் தேய்ந்த முழங்காலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோபினாக்கும் அப்படித்தான். பிரஷர் உள்ளவருக்கு அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மருந்தை அதன் சொந்தப் பெயரில் வாங்க வேண்டும் என்று பாடுபட்டவர் நம் நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். விலை குறையத்தான் அதைச் செய்தார். அந்தப் பெயர் நமக்கு இதற்கும் உதவும்.

மருந்தாளர் குளிசை எண்ணிக் கொடுப்பவர் மட்டுமல்ல. அவுஸ்திரேலியாவில் 2001 முதல், டாக்டர் சொன்னால் மருந்தாளர் வீட்டுக்கே வந்து எல்லா மருந்தையும் பார்க்கிறார். நம் லயத்துக்கு அந்த வசதியில்லை. ஆகவே பையை நாம்தான் கொண்டுபோக வேண்டும். பழைய குளிசை, கசாயம், இருமல் பாணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கொப்பியோடு கிளினிக் மருந்தாளரிடமோ தோட்ட வைத்திய உதவியாளரிடமோ காட்டுங்கள். "இதில் ஒன்றே இரண்டு தடவை இருக்கிறதா?" என்று கேளுங்கள். அதற்கு முன் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மாற்றுவதென்றால் டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

கொழும்புப் பக்கம் இருக்கும் பிள்ளைக்குக் கொப்பிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். அதை பார்மசியில் காட்டிவிட்டு வாங்கட்டும். உறையில் நேரத்தைத் தமிழில் எழுதித் தரவும் கேட்கச் சொல்லுங்கள்.