சுருளாய் இருந்த கீசக வதம்

தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படம் ‘கீசக வதம்’. இன்று அதன் ஒரு சட்டகம்கூட நம்மிடம் இல்லை.

அதனை எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். வேலூரிற் பிறந்த இவர், சென்னையில் மோட்டார் உதிரிப்பாகங்கள் விற்றுவந்த வணிகர். புனேயில் ஸ்டீவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் ஒளிப்பதிவின் அடிப்படைகளைக் கற்றார். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்புக் கூடம் அமைத்தார். விராடன் அவையில் பணிப்பெண்ணாய் மறைந்து வாழும் திரௌபதியைக் கீசகன் விரும்புவதும், வீமன் அவனைக் கொல்வதுமே கதை. தெருக்கூத்தில் பாரதம் கண்டு பழகிய மக்களுக்கு, வாய்பேசாப் படத்திலும் அது விளங்கிற்று. எஞ்சியவற்றை இடையிடையே தோன்றிய எழுத்தட்டைகள் கூறின.

படத்தின் நீளம் ஏறத்தாழ 6000 அடி. செலவு 35,000 ரூபாய் என்பர். வெளியான ஆண்டை 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் வெவ்வேறாகக் குறிக்கின்றனர். சுருளே இல்லாதபோது ஆண்டும் வழக்குக்குரியதாகிவிடுகிறது!

அக்காலப் படச்சுருள் நைட்ரோ செல்லுலோசால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றினால் நீராலும் அணையாது. தீக்குத் தப்பினாலும் வெப்பமும் ஈரமும் அதனைப் பிசினாக்கி, இறுதியில் பொடியாக்கிவிடும். கீழக்கரையில் கடற்காற்று சாளரக் கம்பியை அரித்துத் தின்பதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. போதாக்குறைக்கு, ஓடி முடிந்த படங்களிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கச் சுருள்களை அழித்தவர்களும் உண்டு. பழுதான பண்டமாகவே அவை எண்ணப்பட்டன.

இவ்விழப்பு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் எடுக்கப்பட்ட முழுநீளப் பேசாப்படங்களுள் ஏறத்தாழ 70 விழுக்காடு அழிந்துவிட்டதாக அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013இல் அறிவித்தது. இந்தியாவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இங்கு உருவான ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பேசாப்படங்களுள் எஞ்சியவை, துண்டுகளையும் சேர்த்து, மிகச் சிலவே. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டது 1964இல்தான். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது.

நடராஜ முதலியாரின் கூடமும் தீக்கிரையாயிற்று, மகனையும் இழந்தார். அதன்பின் அவர் படமெடுக்கவில்லை. 1971 வரை வாழ்ந்தார்.

தெற்கே மற்றொரு படம் பிழைத்த விதம் வியப்பானது. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ 1933இல் வெளியானது. மூலமான புதினத்தின் பதிப்புரிமை குறித்து வழக்கு எழுந்தது. படத்தை நிறுத்திச் சுருளைக் கைப்பற்றினர். தயாரிப்பாளருக்கு அது பேரிழப்பு. ஆனால், ஊர் ஊராய் ஓடித் தேயாமல் முடங்கிக் கிடந்த அந்தச் சுருளே 1974இல் புனே காப்பகத்தைச் சென்றடைந்தது.