கம்பி அறுந்தால் காவலாளி வருவாரா?

எங்கள் பள்ளி, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையில் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் விழுப்புரம் பாதையும் அரக்கோணம் பாதையும் பிரியும் சந்திப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள். மாமல்லபுரத்துக்கு ரயில் பாதை கிடையாது. கடற்கரையிலிருந்து வரும் பிள்ளைகளில் சிலர் இன்னும் ரயிலில் ஏறியதே இல்லை. 2025 ஜூலை 8ஆம் தேதி கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் 3 பேர் இறந்தார்கள். அந்த வாரம் இரு தரப்புப் பிள்ளைகளும் கேட்டது ஒரே கேள்விதான்: “ரயில் வர்றது கேட்டுக்குத் தெரியாதா சார்?”

ஒன்பதாம் வகுப்பு மின்காந்தவியலை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் தம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பெட்டியைக் கொடுத்து உதவினார். உள்ளே அமெரிக்க லயனல் நிறுவனத்தின் பழைய பொம்மை ரயில் பாகங்கள்: சில தகரத் தண்டவாளத் துண்டுகள், ஒரு சரக்குப் பெட்டி, ஒரு சிறிய காவல் குடிசை. ரயில் வரும்போது குடிசைக் கதவு திறந்து, கையில் விளக்குடன் காவலாளி வெளியே வருவார். ரயில் போனதும் உள்ளே போய்விடுவார். 1935இல் லயனல் அறிமுகம் செய்த இந்தக் காவலாளிக்குப் பின்னால் இருப்பது நம் பாடநூலில் உள்ள வரிச்சுருள்தான்.

லயனல் தண்டவாளத்தில் மூன்று கம்பிகள். நடுக்கம்பி எஞ்சினுக்கு மின்சாரம் கொடுப்பது. பெட்டியை நாங்கள் கையால் தள்ளியதால் அது தேவைப்படவில்லை. வெளிக்கம்பிகள் இரண்டில் ஒன்றைத் தாங்கும் தகரப் பிடிகளை மெல்லத் தளர்த்தி, அடியில் அட்டைத் துண்டைச் செருகி, இரு முனைகளிலும் உலோக ஊசிக்குப் பதில் பிளாஸ்டிக் குச்சியை வைத்தோம். இப்போது அந்த ஒரு துண்டு மட்டும் காப்பிடப்பட்டுவிட்டது. மின்மாற்றியின் 12 வோல்ட் முனை ஒன்றைக் காவலாளி வழியாக இந்தக் கம்பிக்கும், மற்றதை எதிர்க் கம்பிக்கும் கொடுத்தோம். பெட்டியின் இரும்பு அச்சு இரண்டையும் இணைத்தவுடன் சுற்று மூடியது, காவலாளி வந்தார். வகுப்பில் ஒரே கைதட்டல். (230 வோல்ட் பக்கத்தை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும், மாணவர் கைக்கு வருவது 12 வோல்ட்தான்.)

நானும் அதோடு முடித்திருப்பேன். கடைசி வரிசையில் இருந்த மீனவர் குடியிருப்பு மாணவி கேட்டாள்: “கம்பி அறுந்துபோனா?”

ஒரு கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் தள்ளினோம். ரயில் குடிசையைக் கடந்து போனது. காவலாளி உள்ளேயே இருந்தார். “ரயில் இல்லைன்னாலும் உள்ளேதான் இருக்கார், பழுதானாலும் உள்ளேதான் இருக்கார். பார்க்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

இதே இடத்தில்தான் வில்லியம் ராபின்சனும் தடுமாறினார். அவரது முதல் அமைப்பும் ரயில் வந்தால் மூடும் சுற்றுதான். அதன் ஆபத்தை உணர்ந்து தலைகீழாக மாற்றி, 1872இல் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ரயில் வந்து அதைப் பறிக்கும்.

எங்கள் இரண்டாவது சுற்று அதுவே. அதே துண்டின் ஒரு முனையில், வெளிக்கம்பிகளுக்கு இடையே 1.5 வோல்ட் மின்கலங்கள் 6, தொடராக 47 ஓம், 5 வாட் மின்தடை. மறுமுனையில் 6 வோல்ட் ரிலே. அதன் சுருள் 100 ஓம். ரயில் இல்லாதபோது சுருளுக்கு ஏறத்தாழ 6 வோல்ட் கிடைத்து ரிலே இழுத்துக்கொண்டிருக்கும். அச்சு இரு கம்பிகளையும் இணைத்ததும் மின்னோட்டம் அந்தக் குறுக்கு வழியே போய்விட, ரிலே விட்டுவிடும். மின்சாரம் இல்லாதபோது தொட்டுக்கொண்டிருக்கும் ரிலே முனையில் காவலாளியை இணைத்தால், அவர் வெளியே வருவார். மின்தடையை மறந்துவிடாதீர்கள். ஒரு குழு மறந்தது. பெட்டியை வைத்ததும் ஒயர் சுட்டது. ஓம் விதியை அன்று நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

இப்போது கம்பியைக் கழற்றினோம், காவலாளி வந்தார். மின்கலத்தை எடுத்தோம், வந்தார். ரயிலே இல்லை, ஆனாலும் விளக்கோடு நிற்கிறார். வீண் எச்சரிக்கைதான், ஆனால் யாரையும் கொல்லாத பிழை.

அதிலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள். மின்மாற்றியை அணைத்தால் காவலாளி வரமாட்டார். அவரை வெளியே தள்ளவே மின்சாரம் வேண்டுமே! பல நாடுகளில் உள்ள தானியங்கிக் கேட்டில் மின்சாரம் கட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கும். மின்சாரம் போனால் கட்டை தன் எடையால் இறங்கிவிடும் என்று சொன்னேன். நம் ரயில்வேயில் சிக்னல் விளக்கு எரியாவிட்டால், அது காட்டக்கூடிய மிகக் கடுமையான கட்டளையையே காட்டுவதாக ஓட்டுநர் கொள்ள வேண்டும் என்பது விதி. “கலங்கரை விளக்கம் அணைஞ்சா எங்க அப்பாவுக்கு அப்படி எந்த விதியும் இல்லை” என்றாள் அதே மாணவி. எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் சுற்று எங்களையே ஏமாற்றியது. பெட்டி நிற்கிறது, காவலாளி வரவில்லை. கடல் காற்றில் தகரத்தில் துரு ஏறி, அச்சுக்கும் கம்பிக்கும் தொடர்பு விட்டிருந்தது. உப்புத்தாள் கொண்டு தேய்த்ததும் சரியானது. உண்மைத் தண்டவாளத்திலும் துரு இந்த ஆபத்தைத் தரும். பகுதியின் இரு முனைகளிலும் சக்கரங்களை எண்ணி, உள்ளே போனவை எல்லாம் வெளியே வந்தனவா என்று பார்க்கும் அச்சு எண்ணிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவையும் நம் ரயில்வேயில் பயன்படுகின்றன.

இனி, முதல் கேள்வி. நம் ஊரில் பெரும்பாலும் ரயில் கேட்டை மூடுவதில்லை. கேட் கீப்பர் மூடுகிறார். இன்டர்லாக்கிங் உள்ள இடத்தில், கேட் மூடிப் பூட்டப்பட்டால்தான் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்கும். விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் கேட்டில் அந்த வசதி இருக்கவில்லை. அங்கே அப்போது நிலைய அதிகாரிக்கும் கேட் கீப்பருக்கும் இடையே தொலைபேசிப் பேச்சு ஒன்றுதான் பிணைப்பாக இருந்தது. பச்சை விளக்கின் சுற்றில் தொடராக ஒரு சாவியைச் சேர்த்து, அட்டைக் கேட் அதன் மேல் அமர்ந்தால் மட்டுமே மூடும்படி அமைத்தால், இந்த வேறுபாட்டை மேசை மீதே காட்டிவிடலாம்.

அலகுத் தேர்வில் இரண்டாவது சுற்றின் படத்தைக் கொடுத்து, ஐந்து இடங்களில் வெட்டுக் குறியிட்டு, ஒவ்வொன்றிலும் காவலாளி எங்கே இருப்பார் என்று கேட்டேன். மின்மாற்றிப் பக்க வெட்டில் பலர் தவறினார்கள். ஒரு மாணவன் மட்டும் “உள்ளே” என்று சரியாக எழுதிவிட்டு, பக்கத்திலேயே சரிவான பலகையில் காவலாளியை நிற்க வைத்து, மின்காந்தம் அவரைப் பின்னால் பிடித்திருப்பதுபோல் படம் வரைந்திருந்தான். அடுத்த வாரம் அதைச் செய்துபார்க்கப் போகிறோம்.