செம்பனை ஆலைக் கழிவுநீர்

ஆலையின் பின்புறச் செம்மண் சாலையில் செல்வோர் மூக்கைப் பொத்திக்கொள்வது வழக்கம். அங்கு வரிசையாக உள்ள குளங்கள் எதற்காக வெட்டப்பட்டவை என்பதை நம் மாணவர் அறிந்துகொள்ளுதல் நன்று.

செம்பனைக் குலைகளை நீராவியில் வேகவைத்து, பழங்களை உதிர்த்துப் பிழிந்து, சுடுநீர் கலந்து எண்ணெயைப் பிரிக்கின்றனர். ஒரு டன் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை டன் கழிவுநீர் உண்டாகிறது. பழுப்பு நிறமும் புளிப்புத் தன்மையும் கொண்ட அந்நீர் மிகுந்த சூட்டுடன் வெளிவருகிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீரே. எஞ்சியவை பழச்சக்கையும் சிறிதளவு எண்ணெயும் பிறவும் ஆகும். நஞ்சு எதுவும் சேர்க்கப்படுவதில்லை. பின், இஃது ஆற்றில் கலந்தால் மீன்கள் மடிவானேன்?

கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள் பல்கிப் பெருகி, நீரில் கரைந்துள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறி மாள்கின்றன. ஒரு லிட்டர் ஆலைக் கழிவுநீர் ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் உயிர்வளியை விழுங்க வல்லது. வீட்டுச் சாக்கடை நீருக்குச் சில நூறு மில்லிகிராமே போதும். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1977இல் செம்பனை ஆலைகளுக்கெனத் தனி விதிகள் பிறந்தன. 1978இல் 5,000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு, 1984இல் 100 ஆகக் குறைக்கப்பட்டது. இது நிறைவேறியது பாராட்டுக்குரியது.

ஆற்றில் நடைபெறும் அதே வேலையைக் குளத்திலேயே முடித்துவிடுவதுதான் உபாயம். முதலில் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, நீரை ஆறவிடுகின்றனர். அடுத்து வரும் ஆழமான குளங்களில், காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் பல வாரங்கள் கழிவைச் செரிக்கின்றன. அப்போது மீத்தேன் என்னும் எரிவாயு எழுகிறது. சில ஆலைகள் குளத்தை மூடி, அவ்வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கின்றன. மாணவர்களே, இக்குளங்களின் மேல் படியும் ஆடை காய்ந்து, புல் முளைத்துத் தரைபோலவே தோன்றும். அது தரையன்று! பந்து விழுந்தாலும் இறங்கலாகாது. கீழே இரண்டு ஆள் ஆழத்திற்கும் மேலாகக் குழம்பு உள்ளது.

இறுதிக் குளங்களில் காற்றுப்பட்டுத் தெளிந்த பின்னரே நீர் வெளியேறுகிறது. அடியில் தங்கும் சேறு காய்ந்து மரங்களுக்கு எருவாகிறது.

எல்லாக் கழிவுக்கும் இம்முறை பொருந்தாது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாக இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. நம் பட்டறைகளில் வண்டியிலிருந்து வடிக்கும் கறுப்பெண்ணெயும் குளத்திற்கோ கால்வாய்க்கோ உரியதன்று. அதனைத் தனிப் பீப்பாயில் அடைத்து, உரிமம் பெற்றோரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.